இரவல் பேர்

— எந்திரி. பையை எடு. போலாம்.

— அக்கா! நீ எப்படி இங்க...

— எப்படியோ வந்தேன். எந்திரிடி ஜெனெபா. உள்ளேயிருந்து கூப்பிடறதுக்குள்ள இறங்கிப் போயிடலாம்.

— யாரு சொன்னா உனக்கு?

— உன் மகதான், வேற யாரு. காலையில போன் பண்ணி, 'பெரியம்மா, அம்மாவுக்கு இன்னைக்குப் பரீட்சை, துஆ பண்ணுங்க'ன்னா. என்னடி பரீட்சை, இந்த வயசுலன்னு கேட்டேன். 'அம்மா முதியோர் இல்லத்துல வேலை பார்த்தாங்கல்ல, அந்த அனுபவத்தையே படிப்பா எடுத்துக்கிட்டுப் பட்டம் தர்றாங்க. பொபிஞியில ஜூரின்னு ஒரு தேர்வுக் குழு முன்னாடி போய்ப் பேசணும்'னா. கடலைக் குழம்பை அடுப்புல அப்படியே போட்டுட்டு ஓடியாறேன்.

— அடுப்பை அணைச்சியா?

— அணைச்சிருப்பேன். நீ பேச்சை மாத்தாத. என்கிட்ட என்ன சொன்ன? ஏதோ ஆபீஸ் கூட்டற வேலைக்குப் பயிற்சின்னு சொன்னியா இல்லையா?

— நெசத்தைச் சொன்னா நீ விட்டிருக்க மாட்ட.

— விட்டிருக்க மாட்டேன்தான்! நான் கேக்கறேன், சொல்லு. அந்த இல்லத்துல ராத்திரி வேலை பார்த்தது யாரு?

— நான்தான்.

— அங்க போய்க் கேட்டா யாரு பார்த்ததா சொல்வாங்க?

— ...நீ பார்த்ததா.

— ஆங்! நியூமா துக்குரேன்னு சொல்வாங்க. சம்பளம் வந்தது என் பேர்ல. வரி கட்டினது என் பேர்ல. ஒன்பது வருஷம், இந்த நாட்டுல தங்கறதுக்கான என் கார்டைக் காட்டித்தான் நீ அந்த வாசப்படி ஏறினது. இந்த ஊர்ல அதுக்கு என்ன பேருன்னு தெரியுமா உனக்கு?

— தெரியும்க்கா. மெதுவா பேசு, அந்தக் கதவுக்குப் பின்னாடிதான் உக்காந்திருக்காங்க.

— குடுத்தவளும் திருடி, வாங்கினவளும் திருடி! சரி, மெதுவாவே கேக்கறேன். என் பேரை எழுதிட்டியா?

— அக்கா...

— எழுதிட்டியான்னு கேட்டேன். என் மூஞ்சியப் பாரு.

— எழுதல.

— அல்லா மேல சொல்லு.

— அல்லா மேல சத்தியமா எழுதல. 'அப்ப எனக்கு அனுமதிக் காகிதம் இல்ல, வேற ஒருத்தங்க பேர்ல வேலை பார்த்தேன்'னு மட்டும் எழுதியிருக்கேன். பேரைச் சொல்ற இடத்தை வெறுமனே விட்டுட்டேன்.

— யா அல்லா. கொஞ்சம் தள்ளி உக்காரு, நானும் உக்காந்துக்கறேன்.

— தண்ணி குடிக்கிறியா?

— எனக்குத் தண்ணி வேணாம். வெறுமனே விட்டாளாம்! 'வேற ஒருத்தங்க'ன்னா யாருன்னு அவங்க கேக்க மாட்டாங்களா? சும்மா போற ஓணானை எடுத்து மடியில விட்டுக்கிட்டியேடி. இப்ப உனக்கு என்ன குறை? உன் பேர்ல கார்டு வந்துருச்சு. ஊரறிய நடக்கலாம். உன் மகளை நம்ம ஊரு கயேஸ்லேருந்து கூட்டிட்டு வந்துட்ட. ஒரு வேலையும் இருக்கு.

— விடியக்காலையில ஆள் இல்லாத ஆபீசுல குப்பைக்கூடை கொட்டற வேலை.

— அது கேவலமா? நம்ம ஊர்ப் பொம்பளைங்க பாதிப் பேரு அதைத்தான் செய்யறாங்க.

— கேவலம்னு சொல்லலக்கா. எனக்குத் தெரிஞ்ச வேலை அது இல்ல. காகிதம் வந்ததும் முதல்ல எங்க போனேன்? அதே இல்லத்துக்குத்தான், பின்வாசல்ல நின்னேன். உள்ள போக பயம். நியூமான்னு தெரிஞ்சவ ஜெனெபான்னு எப்படிப் போறது? வேற இல்லத்துக்குப் போனேன். 'முன் அனுபவம் உண்டா'ன்னு கேட்டாங்க. இல்லன்னு சொன்னேன். என் வாயாலயே சொன்னேன், இல்லன்னு. என் சொந்தப் பேர்ல நான் நேத்துப் பொறந்தவ மாதிரி இருக்கேன்.

— நேத்துப் பொறந்தவளாவே இரு. உசிரோட இருக்கியில்ல... ஏய், ஏய். அங்க பாரு.

— எங்க?

— ஜன்னல் வழியா பாரு, கீழ வாசல்ல. கறுப்புச் சட்டை, பூட்ஸு. ரெண்டு பேரு.

— அக்கா...

— போலீசு. சொன்னேனா இல்லையா? உன்னை வரச் சொல்லிட்டு அவங்களையும் வரச் சொல்லியிருக்காங்க.

— அப்படியெல்லாம் செய்ய மாட்டாங்க.

— உனக்குத் தெரியுமா? போன வருஷம் நம்ம ஊரு ஆத்தியேவோட மகனை எப்படிப் புடிச்சாங்க? 'வாங்க, உங்க காகிதத்துல ஒரு சின்னத் திருத்தம்'னு தேன் ஒழுகப் பேசிக் கூப்பிட்டாங்க. போனவன் சாயங்காலம் விமானத்துல நம்ம நாட்டுக்கே, பமாக்கோ போய் இறங்கினான். உள்ள வர்றாங்க பாரு. படியேறறாங்க.

— இந்தப் பக்கம் வேற வழி இருக்கா?

— அந்தக் கதவு?

— அது பூட்டியிருக்கு. வந்ததுமே பார்த்துட்டேன்.

— வந்ததுமே பார்த்தியா? அப்ப உனக்கும் பயம்தான்!

— எனக்குப் பயமில்லன்னு யாரு சொன்னா?

— பேசாத. தலையைக் குனிஞ்சுக்கோ. போன் பார்க்கற மாதிரி பாரு.

— அக்கா. அவங்க சிரிச்சுக்கிட்டே போறாங்க.

— சிரிக்கிறானுங்களா?

— முதுகுல எழுதியிருக்கு பாரு. காவலாளி வேலைக்குப் பயிற்சி எடுக்கிற பசங்க. அதோ, அந்த வகுப்புக்குள்ள போறாங்க.

— அடப் பாவிங்களா. மீசை கூட மொளைக்கல, அதுக்குள்ள பூட்ஸு.

— அழுவாதக்கா.

— அழுவல. சிரிக்கிறேன். மடியில கனமிருந்தா வழியில பயம்னு சும்மாவா சொன்னாங்க. இந்தக் கனம் எனக்கு ஒரு நாள் ரெண்டு நாளு இல்லடி. நீ வேலைக்குப் போனே, வந்தே. நீ ஒளிஞ்சது ராத்திரியில. நான் பகல்ல ஒளிஞ்சேன், தெரியுமா உனக்கு?

— நீ எதுக்கு ஒளிஞ்ச?

— என் மகன் மோடிபோ படிக்கிற பள்ளிக்கூடத்துச் சமையல்கட்டுல ஆள் வேணும்னாங்க. தலைமை டீச்சரே வந்து, 'நியூமா, உங்க கைப்பக்குவம் எங்களுக்குத் தெரியும், வாங்க'ன்னு கூப்பிட்டா. நான் வேணாம்னுட்டேன். ஏன்? நியூமா துக்குரேதான் ஏற்கெனவே ராத்திரியில வேலை பார்க்கறாளே! பகல்லயும் வேலை பார்த்தா இவ எப்பத் தூங்கறான்னு ஒருத்தன் கணக்குப் பார்த்துட்டா? முட்டி வலிக்குதுன்னு பொய் சொன்னேன். அன்னையிலேருந்து பள்ளிக்கூட வாசல்ல நொண்டி நொண்டி நடந்தேன்.

— இதை நீ எங்கிட்டச் சொல்லவே இல்லையே.

— சொன்னா நீ வேலையை விட்டுட்டு நிப்ப. அப்புறம் ஊர்ல உன் மக சாப்பாட்டுக்கு என்ன செய்வா? எங்கம்மா சாகும்போது என்ன சொன்னாங்க? 'உன் சித்தி மகளைப் பார்த்துக்கோ'ன்னாங்க. பார்த்துக்கிட்டேன். ஃபோட்டோவுலயும் ரெண்டு பேருக்கும் ஒரே மூக்கு, அதனால காரியம் நடந்துச்சு. வெள்ளைக்காரங்களுக்கு நம்ம எல்லாரும் ஒரே மூஞ்சிதானே.

— எல்லாருக்கும் இல்லக்கா. தலைமை நர்ஸ் மதாம் ஃபெரான் முதல் மாசமே கண்டுபிடிச்சாங்கன்னு நினைக்கிறேன். கார்டை ரொம்ப நேரம் பார்த்துட்டு, ஒண்ணும் பேசாம திருப்பிக் குடுத்தாங்க. அவங்கதான் போன வருஷம் எனக்கு எழுதிக் குடுத்தது. 'இந்த ஃபோட்டோவுல இருக்கிற பொம்பளை எங்கிட்ட ஒன்பது வருஷம் வேலை பார்த்தா'ன்னு.

— பேரு?

— பேரு போடல. அவங்களுக்கும் பயம் இருக்கும்ல.

— பார்த்தியா, எல்லாருக்கும் பயம். உனக்கு மட்டும் கொழுப்பு. கேளு, நான் இதுவரைக்கும் உங்கிட்டச் சொல்லாத இன்னொண்ணு சொல்றேன். ஒரு நாள் ஞாயித்துக்கிழமை. வீட்டு மணி அடிச்சுது. கதவைத் திறந்தா ஒரு வெள்ளைக்காரன், நரைச்ச தலை, கையில பூங்கொத்து. 'மதாம் நியூமா துக்குரே இருக்காங்களா'ன்னான். நான் இல்லன்னு சொல்லியிருக்கணும். வாய் முந்திக்கிச்சு, 'நான்தான்'னுட்டேன்.

— யாரு அவன்?

— அவனோட அம்மா உங்க இல்லத்துல செத்துப்போனாங்களாம். அவன் வண்டியோட்டிக்கிட்டு வந்து சேர்றதுக்குள்ள முடிஞ்சுபோச்சாம். நியூமாதான் கடைசி வரைக்கும் கையைப் புடிச்சுக்கிட்டு இருந்தாங்கன்னு சொன்னாங்களாம். நன்றி சொல்ல விலாசம் வாங்கிட்டு வந்திருக்கான். என்னைப் பார்த்தான். பார்த்துக்கிட்டே இருந்தான். 'நீங்க இல்ல'ன்னான். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நீ வேலைக்கு வரும்போது உன்னை ரெண்டு தடவை பார்த்திருக்கானாம்.

— நீ என்ன செஞ்ச?

— கதவைச் சாத்தினேன். அவன் மூஞ்சியில. சாத்திட்டு, குழந்தைங்களைக் குளியலறைக்குள்ள தள்ளி, நானும் உள்ள போய் உக்காந்துக்கிட்டேன். இப்ப வருவாங்க, இப்ப வருவாங்கன்னு. மோடிபோ பசிக்குதுன்னான், வாயைப் பொத்தினேன். பொழுது சாஞ்சு என் வீட்டுக்காரரு பக்கரி வேலையிலேருந்து வந்து கதவைத் திறந்தா, வாசப்படியில பூ கிடக்கு. அவ்வளவுதான். ஆனா அன்னைக்கு உள்ள போன பயம் இன்னும் வெளிய வரல.

— அவங்க பேரு மதாம் வஸேர்.

— என்ன?

— அந்தம்மா பேரு. மதாம் வஸேர். அவரு வந்தது எனக்குத் தெரியாதுக்கா. பூ கொண்டுவந்தாரா?

— மஞ்சப் பூ.

— அந்தம்மா சாகற அன்னைக்கு என்னைக் கூப்பிட்டுக்கிட்டே இருந்தாங்க. 'நியூமா, நியூமா, இருக்கியா'ன்னு. இருக்கேம்மான்னு சொல்லிக்கிட்டே இருந்தேன். அப்ப எனக்கு ஒரு ஆசை வந்துச்சு. காதுகிட்டக் குனிஞ்சு, 'என் பேரு ஜெனெபா'ன்னு சொல்லிடணும்னு. சாகப் போறவங்க, யாருகிட்டப் போய்ச் சொல்லப் போறாங்க?

— சொன்னியா?

— சொல்லல. அந்த நேரத்துலயும் பயம். அவங்க உன் பேரைச் சொல்லிக்கிட்டே போயிட்டாங்க. அதான்கா. சம்பளம் பெரிசா வரும்னோ, வெள்ளை உடுப்புப் போடணும்னோ இல்ல. அந்த ராத்திரியெல்லாம் நான் எங்கேயோ இருந்திருக்கேன்ல? அதை ஒருத்தராவது என் பேரைச் சொல்லிச் சொல்லணும்.

— கேளு ஜெனெபா. வசந்தத்துல என் கார்டைப் புதுப்பிக்கணும். பக்கரி முதுகு போயிருச்சு, ரோடு வேலைக்கு இனி ஆகாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. நாலு புள்ளைங்க. என்னைப் புடிச்சு அனுப்பிட்டா அதுங்க யாரு வாசல்ல நிக்கும்? உன் வாசல்லயா?

— என் வாசல்தான் அவங்க வாசல்.

— அது பேச்சுக்கு நல்லாருக்கும். எனக்கு ஒரு சத்தியம் பண்ணு. உள்ள எப்படிக் கேட்டாலும், உருட்டினாலும் மிரட்டினாலும், இனிக்க இனிக்கப் பேசினாலும், என் பேரு உன் வாயில வராதுன்னு.

— வராதுக்கா.

— உன் அம்மா மண்ணு மேல.

— எங்கம்மா மண்ணு மேல சத்தியம். வராது. நீ வீட்டுக்குப் போ.

— போறேன். இரு, உன் துணியைச் சரி பண்ணிட்டுப் போறேன். தலைத்துணி பாரு, கோணலா கட்டியிருக்க. ஜூரி முன்னாடி இப்படியா போவ?... கதவு திறக்குது.

— மதாம் ஜகானா? ஜெனெபா ஜகானா?

— நான்தான் மதாம்.

— வணக்கம். நான் லுகல், ஜூரியோட செயலாளர். இல்ல இல்ல, எந்திரிக்காதீங்க, உக்காருங்க. இவங்க உங்க கூட வந்தவங்களா?

— பக்கத்து வீட்டுக்காரங்க மதாம். துணைக்கு வந்தாங்க. கிளம்பறாங்க.

— இருக்கட்டும். பாருங்க மதாம், உள்ள மூணு பேரும் நீங்க எழுதினதைப் படிச்சுட்டாங்க. ராத்திரியில போர் நடக்குதுன்னு கத்துவாரே ஒரு வயசான மிசியே, அவரோட கட்டிலுக்கு அடியில நீங்களும் போய்ப் படுத்து, 'சுடறது நின்னுருச்சு, வாங்க வெளிய போலாம்'னு கூட்டிட்டு வந்தீங்கன்னு எழுதியிருக்கீங்களே, அதைத் தலைவர் மத்தவங்களுக்கு வாசிச்சே காட்டினாரு. எழுதினதுல ஒரு குறையும் இல்ல.

— நன்றி மதாம்.

— ஆனா ஒரு சிக்கல் வந்திருக்கு. இன்னைக்குக் காலையில அந்த இல்லத்துக்குப் போன் பண்ணோம். ஜெனெபா ஜகானான்னு ஒருத்தர் அங்க வேலை பார்த்ததே இல்லைங்கறாங்க.

— வேற பேர்லன்னு எழுதியிருக்கேனே மதாம்.

— படிச்சேன். இப்படி வர்றவங்க நீங்க முதல் ஆளும் இல்ல. ஆனா எந்தப் பேருன்னு நீங்க எழுதலையே. அந்தப் பேரு தெரிஞ்சா, இவங்களும் அவங்களும் ஒரே ஆளுன்னு இல்லத்துல எழுதி வாங்கலாம். தெரியலைன்னா, இந்த ஒன்பது வருஷத்தை நாங்க யாரு கணக்குல சேர்க்கிறது?

— மதாம் ஃபெரான் எழுதிக் குடுத்திருக்காங்களே. அவங்களைக் கேளுங்க. அவங்களுக்கு என்னைத் தெரியும்.

— அவங்க வீட்டுக்கும் போன் பண்ணோம். உங்களுக்குத் தெரியாதா? அவங்களுக்கு நினைவு தப்பிப்போச்சு, பாவம். அவங்களே ஒரு இல்லத்துல இருக்காங்க இப்ப. பெத்த மகளையே யாருன்னு கேக்கறாங்களாம்.

— மதாம் ஃபெரானா?

— ஆமா. உங்களுக்குத் தண்ணி ஏதாவது கொண்டு வரட்டுமா?

— வேணாம் மதாம். ஒண்ணு கேக்கலாமா? அந்தப் பேரைச் சொன்னா, அந்தப் பேருக்குச் சொந்தக்காரங்களுக்கு என்ன ஆகும்?

— உண்மையைச் சொல்லிடறேன். ஜூரி போலீஸ் இல்ல. இங்க கேட்டதை வெளிய கொண்டுபோய்ச் சொல்ற வழக்கம் எங்களுக்குக் கிடையாது. ஆனா இல்லத்துக்காரங்க என்ன செய்வாங்க, அதைக் கேட்டு வேற யாரு என்ன செய்வாங்க, அதுக்கு நான் வாக்குக் குடுக்க முடியாது. ஒண்ணுமே ஆகாதுன்னு பொய் சொல்லி உங்களை உள்ள கூட்டிட்டுப் போக மாட்டேன்.

— புரியுது மதாம்.

— சரி. அப்ப அந்தப் பேரு?

— ஞாபகமில்ல.

— மதாம் ஜகானா...

— ஞாபகமில்ல மதாம்.

— ஒன்பது வருஷம் உங்களைக் கூப்பிட்ட பேரு. ராவெல்லாம் மணியடிச்சு அந்தப் பேரைச் சொல்லித்தானே கூப்பிட்டிருப்பாங்க?

— மறந்துபோச்சு.

— வேணும்னா கொஞ்ச நேரம் யோசிங்க, அடுத்த ஆளை முன்னாடி கூப்பிடறேன்.

— யோசிக்க ஒண்ணுமில்ல. நான் விலகிக்கறேன்னு எழுதிக்குங்க.

— விலகினா முதல்லேருந்து ஆரம்பிக்கணும். அப்பவும் இதே கேள்விதான் வரும், பாருங்க.

— திரும்ப வர மாட்டேன் மதாம். நான் எழுதினதெல்லாம்... யாரோ சொல்லக் கேட்டு எழுதினதுன்னு வச்சுக்குங்க. நான் அங்க வேலை பார்க்கல.

— அப்படியே எழுதிக்கட்டுமா?

— அப்படியே எழுதிக்குங்க. 'ஜெனெபா ஜகானா அங்க வேலை பார்க்கல'ன்னு. வாங்கக்கா, போலாம். குழம்பு அடிபுடிச்சிருக்கும்.

— சரி மதாம். எனக்கு ரொம்ப வருத்தமா இருக்கு. அப்ப நான் உள்ள சொல்லிடறேன்.

— அக்கா, எந்திரி. பையை எடுத்துட்டேன்ல. ஏன் என் கையைப் புடிச்சு இழுக்கிற?

— உக்காரு.

— வேணாம்கா. புள்ளைங்களை நினைச்சுப் பாரு. அக்கா, உன்னைக் கெஞ்சிக் கேக்கறேன், வாயைத் திறக்காத.

— விடுடி கையை. மதாம், கதவைச் சாத்தாதீங்க, எழுதினதை அடிச்சுட்டு நான் சொல்றதை எழுதுங்க: நான்தான் நியூமா துக்குரே, அந்த இல்லத்து வாசப்படியை நான் ஒரு நாள்கூட மிதிச்சதில்ல.